இளநாற்றில் ஹார்மோன்கள் சேர்ந்து இயங்குவதை வீட்டிலேயே சோதித்தறிவது எப்படி?

செட்டிநாட்டு ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் முளைப்பாரிக்கு விதை போடுவார்கள். சட்டியில் மண்ணும் எருவும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளித்து வந்தால், ஒரு வாரம் பத்து நாளில் வெளிர்மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று முளைகள் எழுந்து நிற்கும். அதே பயறை வளவு முற்றத்தின் வெளிச்சத்தில் போட்டிருந்தால், அதே நாட்களில் அது பச்சை இலை விரித்துக் குட்டையாக நின்றிருக்கும். விதையும் நீரும் மண்ணும் ஒன்றாக இருக்க, வேறுபாட்டை உண்டாக்கியது ஒளி மட்டுமே. ஆனால் ஒளி தானாகத் தண்டை நீட்டுவதும் இல்லை, குறுக்குவதும் இல்லை. நாற்றுக்குள் இருக்கும் ஹார்மோன்களின் அளவையும், அந்த ஹார்மோன்களுக்குச் செல்கள் இணங்கும் அளவையும் அது மாற்றுகிறது; அந்த மாற்றத்தின் விளைவைத்தான் நாம் உயரமாகவும் நிறமாகவும் பார்க்கிறோம்.

பாடநூல்கள் ஒவ்வொரு ஹார்மோனுக்கும் ஒரு வேலை என்று அட்டவணை போட்டுச் சொல்கின்றன: ஜிப்ரெலின் தண்டை நீட்டும், எத்திலின் பழுக்க வைக்கும், சைட்டோகைனின் செல்லைப் பிரியச் செய்யும், அப்சிசிக் அமிலம் விதையை உறங்க வைக்கும். தேர்வுக்கு இது போதும். நாற்றைப் புரிந்துகொள்ள இது போதாது. இருட்டில் முளைக்கும் பாசிப்பயறின் தண்டைக் குறுக்கும் அதே எத்திலின், இருட்டில் முளைக்கும் நெல்லின் குருத்துறையை நீட்டுகிறது. ஆகவே ஒரு ஹார்மோனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது என்ன செய்யும் என்பது அன்று. எந்தச் செடியில், எந்த உறுப்பில், வேறு எந்த ஹார்மோன் உடனிருக்கும்போது என்ன செய்யும் என்பதே. இந்தக் கேள்விக்கு விடை காணப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியரும் மாணவரும் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரும் சில தட்டுகளையும் ஓர் அளவுகோலையும் கொண்டே செய்துபார்க்கக்கூடிய சோதனைகளைக் கீழே விளக்குகிறேன்.

நான்கு தட்டுகள் ஏன் வேண்டும்?

பொதுவாக நாம் இரண்டு தட்டுகளைத்தான் வைப்போம்: மருந்து போட்டது, போடாதது. இதனால் ஒரு பொருளின் விளைவு மட்டுமே தெரியும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதை அறிய நான்கு தட்டுகள் தேவை: எதுவும் இல்லாதது, முதற்பொருள் மட்டும், இரண்டாம் பொருள் மட்டும், இரண்டும் சேர்ந்தது. இரண்டு பொருள்களும் தத்தம் வழியில் தனித்தனியே வேலை செய்வதாக இருந்தால், நான்காம் தட்டின் உயரம் முதல் மூன்று தட்டுகளிலிருந்து கூட்டிக் கழித்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் அது கணக்கை மீறி உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால், இரண்டும் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கின்றன என்று பொருள். கீழே வரும் சோதனைகளில் முதன்மையானவை இந்த அமைப்பின் மேல்தான் நிற்கின்றன. எனவே இடம் போதவில்லை என்று ஒரு தட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

தட்டு ஒன்றுக்கு இருபது முதல் முப்பது விதைகளாவது வையுங்கள். எல்லா விதையும் ஒரே கடையில், ஒரே மூட்டையில் வாங்கியதாக இருக்கட்டும். பயறை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் இரவு முழுதும் கட்டிவைத்து, முளைவேர் ஏறத்தாழ ஒரே அளவு எட்டிப் பார்க்கும் விதைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். நெல்லுக்கு ஒரு நாள் ஊறலும் ஒரு நாள் மூட்டமும் வேண்டும். எரு கலந்த மண்ணில் வேறு பல பொருள்கள் இருப்பதால், நன்கு கழுவிய ஆற்றுமணலையோ பலமுறை அலசிய தென்னைநார்க் கழிவையோ பயன்படுத்துவது நல்லது. அளக்கும்போது வேரும் தண்டும் சேரும் இடத்திலிருந்து விதையிலைகள் ஒட்டியிருக்கும் கணு வரை அளந்து சராசரி காணுங்கள். எந்தத் தட்டு எது என்று தெரியாத ஒருவரை அளக்கச் சொல்வது மிகவும் பயனுள்ளது. எதிர்பார்ப்போடு அளக்கும் கை, தன்னையறியாமல் அளவுகோலைச் சாய்க்கும்.

முதற்சோதனை: இருளும் ஒளியும்

இரண்டு தட்டுகளில் பாசிப்பயறு பரப்பி, ஒன்றை வெளிச்சமான முற்றத்து ஓரத்திலும் மற்றொன்றை உள்ளறையில் எவர்சில்வர் டப்பாவால் மூடியும் வையுங்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகள் இதற்கு மிகவும் பொருந்தும். கதவை அடைத்தால் அங்கே ஒளியும் குறைவு, வெப்பமும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. இரண்டு தட்டுகளின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது முக்கியம். நேர்வெயில் படும் இடத்தில் ஒளித்தட்டை வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது ஒளியையா வெப்பத்தையா என்று தெரியாமல் போகும். இருட்டுத் தட்டுக்கு நீர் தெளிக்கும்போது வெள்ளை விளக்கைப் போடாமல், கைபேசித் திரையின் மேல் பச்சை செலோஃபேன் தாளைச் சுற்றி அந்த மங்கலான வெளிச்சத்தில் விரைந்து முடித்துவிடுங்கள். பச்சை ஒளிக்கு நாற்று முற்றிலும் குருடு அன்று, ஆனாலும் சிவப்பு, நீல ஒளிகளைக் காட்டிலும் அதனால் விளையும் பாதிப்பு மிகக் குறைவு.

ஐந்தாம் நாளில் இருட்டு நாற்றில் மூன்று அடையாளங்கள் தெளிவாகத் தெரியும். விதையிலைக்குக் கீழுள்ள தண்டு மிக நீண்டிருக்கும். விதையிலைகள் விரியாமல் மஞ்சளாக இருக்கும். தண்டின் நுனி கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மண்ணைத் துளைத்து மேலே வரும்போது குருத்து நசுங்காமலிருக்க இந்தக் கொக்கி உதவுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். இருட்டில் நாற்றினுள் ஜிப்ரெலின் மிகுதியாக இருக்கும். ஜிப்ரெலின் ஜிட்-1 என்னும் ஏற்பியோடு சேர்ந்தவுடன், வளர்ச்சிக்குத் தடையாக இருக்கும் டெல்லா புரதங்கள் சிதைக்கப்படுகின்றன. நெல்லில் இந்த ஏற்பியைக் கண்டறிந்தது 2005-இல்தான். டெல்லா விலகியதும், அதனால் கட்டுண்டிருந்த இரண்டு புரதங்கள் விடுபடுகின்றன. ஒன்று பிஃப் எனப்படும் குடும்பம். இதை ஒளியுணரும் பைட்டோகுரோம் என்னும் புரதம் அழிக்க வல்லது. மற்றொன்று பிராசினோஸ்டீராய்டு ஹார்மோனால் செயலூக்கம் பெறும் பிஇசட்ஆர்-1. இவ்விரண்டும், ஆக்சின் என்னும் ஹார்மோனுக்குக் கீழ்ப்படியும் ஏஆர்எஃப்-6 என்னும் புரதமும் சேர்ந்து, செல்லை நீட்டும் மரபணுக்களில் பலவற்றை ஒருங்கே இயக்குகின்றன. அரபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கூட்டு தெளிவாக்கப்பட்டது. இதில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றே: ஜிப்ரெலின், பிராசினோஸ்டீராய்டு, ஆக்சின் ஆகிய மூன்றும் தனித்தனிக் கதவுகளைத் தட்டுவதில்லை, ஒரே கதவில் மூன்று பூட்டுகள் இருப்பதைப் போல, ஏதேனும் ஒன்று திறக்காவிட்டாலும் நீட்சி பெருமளவு தடைப்படும். பிராசினோஸ்டீராய்டு உண்டாக்க முடியாத அரபிடாப்சிஸ் மரபணுத் திரிபுகள் முழு இருட்டில்கூடக் குட்டையாக, விதையிலை விரித்து, ஒளியில் வளர்ந்தவை போலத் தோற்றமளிப்பது இதனால்தான்.

ஒளி பட்டதும் பைட்டோகுரோம் செல்லின் உட்கருவுக்குள் சென்று பிஃப் புரதங்களை அழிக்கத் தொடங்குகிறது. ஜிப்ரெலின் அளவு குறைந்து டெல்லா மீண்டும் திரள்கிறது. இருட்டில் வளர்ந்த தட்டை ஐந்தாம் நாள் காலையில் முற்றத்துக்குக் கொண்டுவந்து, மணிக்கு ஒருமுறை ஒரே நாற்றைப் படமெடுத்து வாருங்கள். கொக்கி நிமிர்வதும் விதையிலைகள் பிரிவதும் பச்சை ஏறுவதும் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் கண்முன்னே நடக்கும். மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

இரண்டாம் சோதனை: பழுத்த வாழைப்பழமும் எத்திலினும்

தெருவிளக்குக்குப் பயன்பட்ட எரிவாயு கசியும் இடங்களில் மரங்கள் இலையுதிர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் திமித்ரி நெல்யூபவ், ஆய்வக இருட்டறையில் வளர்த்த பட்டாணி முளைகள் குட்டையாக, தடித்து, பக்கவாட்டில் படுத்து வளர்வதைக் கண்டு, காரணம் அந்த எரிவாயுவில் கலந்திருந்த எத்திலின் என்று 1901-இல் வெளியிட்டார். இந்த மூன்று மாற்றங்களையும் சேர்த்து மும்மை விளைவு என்பார்கள். நாம் இதைப் பழுத்த வாழைப்பழத்தைக் கொண்டு காணலாம்.

மூடியுள்ள நான்கு பெரிய கண்ணாடி பாட்டில்களின் அடியில் ஈர மணலைப் பரப்பி, முளைகட்டிய பாசிப்பயறை வையுங்கள். முதல் பாட்டில் அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் நன்கு பழுத்த பழத்தின் தோலோடு சேர்ந்த ஒரு துண்டை ஒரு சிறு கிண்ணத்தில் வையுங்கள். மூன்றாவதில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்து நிழலில் காயவைத்த சாக்குக் கட்டித் துண்டுகளைக் கிண்ணத்தில் வையுங்கள். நான்காவதில் பழமும் சாக்குக் கட்டியும் இரண்டும் இருக்கட்டும். பெர்மாங்கனேட் எத்திலினை ஆக்சிஜனேற்றம் செய்து நீக்கிவிடும். சாக்குக் கட்டி விதையையோ நீரையோ தொடக்கூடாது. கையில் பட்டால் கறை பிடிக்கும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். பாட்டில்களை இருட்டில் வைத்து, நாளுக்கு ஒருமுறை மங்கலான பச்சை வெளிச்சத்தில் மூடியைத் திறந்து காற்று மாற்றி மீண்டும் மூடுங்கள்.

நான்காம் பாட்டில் ஏன் தேவை என்று சிலர் கேட்கலாம். பழம் எத்திலினை மட்டும் வெளியிடுவதில்லை; அது சுவாசித்து ஆக்சிஜனைக் குறைத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டுகிறது. இரண்டாம் பாட்டிலில் முளை குட்டையாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? நான்காம் பாட்டிலில் பழத்தின் சுவாசம் அப்படியே இருக்க, எத்திலின் மட்டும் நீங்குகிறது. அங்கே முளை மீண்டும் உயர்ந்து நின்றால், குட்டையாக்கியது எத்திலினே என்று உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டாம் பாட்டிலின் முளைகள் குட்டையாகவும் தடித்தும் கொக்கி மிக இறுகியும் இருப்பதைக் காண்பீர்கள். கொக்கியின் உட்புறத்தில் ஆக்சின் அதிகமாகத் திரண்டு அந்தப் பக்கத்துச் செல்களின் நீட்சியைத் தடுப்பதால்தான் தண்டு வளைகிறது. எத்திலின் அந்த ஆக்சின் ஏற்றத்தாழ்வை வலுப்படுத்துகிறது. ஜிப்ரெலினும் எத்திலினுக்குத் துணை நிற்கிறது; ஏனெனில் எத்திலினின் கட்டளையை நிறைவேற்றும் இஐஎன்-3 என்னும் புரதத்தையும் டெல்லா தடுத்து வைத்திருக்கும், ஜிப்ரெலின் அந்தத் தடையை நீக்குகிறது. இதற்கு மாறாக, ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் ஹார்மோன் கொக்கியைத் தளர்த்துகிறது. தண்டு நீட்சியில் எதிரெதிராக நிற்கும் ஜிப்ரெலினும் எத்திலினும் அந்தத் தண்டின் நுனியிலுள்ள கொக்கியில் ஒரே பக்கம் நிற்பதைக் கவனியுங்கள்.

மண்ணுக்குள் இதே ஹார்மோனை நாற்று தானே சுரக்கிறது. மேல்மண் அழுத்தும்போது எத்திலின் கூடி, தண்டு தடித்து, கொக்கி இறுகி, முட்டி மேலே வரும் வலிமை கிடைக்கிறது. இதைச் சோதிக்க, இருட்டில் வைத்த முளைகளின் மேல் ஒரு பலகையும் அதன்மேல் சிறு எடையும் வைத்து வளர்த்து, எடையில்லாத தட்டோடு ஒப்பிடுங்கள். வணிக அளவில் பயறு முளை வளர்ப்பவர்கள், முளை தடித்து வர எத்திலினைப் பயன்படுத்துவதும் இந்த அறிவின் பயன்தான்.

இனி அதே சோதனையில் பாசிப்பயறுக்குப் பதில் நெல்லை வையுங்கள். வேர் குறுகும், ஆனால் குருத்துறை நீண்டிருக்கும். நீருக்கடியிலோ சேற்றிலோ முளைக்கும் நெல்லுக்கு, வாயு வெளியேற வழியின்றித் திரளும் எத்திலின், மேலே எழ வேண்டும் என்ற அறிவிப்பாகிறது. எத்திலின் நெல்லில் ஜாஸ்மோனிக் அமில உற்பத்தியைக் குறைப்பதன் மூலம் இந்த நீட்சிக்கு வழிவிடுகிறது என்பதும் அறியப்பட்டிருக்கிறது.

மூன்றாம் சோதனை: ஜிப்ரெலினும் அதன் தடையும்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தச் சோதனை. சற்று நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டியதும் இதுதான்.

நெல் நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட நெடிதாக, வெளிறி, ஒல்லியாக எழுந்து பின் மடிவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கானே என்று ஜப்பானியர் பெயரிட்ட இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று தைவானில் பணியாற்றிய எயிச்சி குரோசவா 1926-இல் காட்டினார். 1935-இல் ஜப்பானிய வேதியியலாளர் யபுதா அதற்கு ஜிப்ரெலின் என்று பெயரிட்டார். பின்னர் அதே வகைப் பொருளைச் செடிகள் தாமே உண்டாக்குகின்றன என்று தெரியவந்தது. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 நெல் குட்டையாக இருந்ததற்குக் காரணம், ஜிப்ரெலினை உண்டாக்கும் நொதிகளுள் ஒன்றின் மரபணு பழுதுபட்டிருந்ததே என்பது 2002-இல் தெளிவானது. ஆகவே இந்தச் சோதனைக்கு ஐ.ஆர். 64 போன்ற குட்டை ரக நெல் மிகவும் ஏற்றது. அதில் ஜிப்ரெலின் ஏற்றினால் விளைவு பளிச்சென்று தெரியும்.

தேவையானவை இரண்டு. ஒன்று ஜிப்ரெலிக் அமிலப் பொடி. மற்றொன்று, மாமரம் காய்ப்பதற்காகப் பூச்சிமருந்துக் கடைகளில் விற்கப்படும் பாக்லோபியூட்ரசால் 23 சதவீதக் கரைசல். இது செடிக்குள் ஜிப்ரெலின் உற்பத்தியைத் தடுக்கும். பள்ளி ஆய்வகத் தராசில் 100 மில்லிகிராம் ஜிப்ரெலிக் அமிலத்தை எடுத்து, 5 மில்லிலிட்டர் எரிசாராயத்தில் கரைத்து, ஒரு லிட்டர் நீராக்குங்கள். நேரடியாக நீரில் போட்டால் எளிதில் கரையாது. பாக்லோபியூட்ரசாலில் ஒரு மில்லிலிட்டரை அளந்து ஒரு லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் கிடைக்கும். இவை இரண்டும் மூலக்கரைசல்கள். இவற்றிலிருந்து நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களை நிரப்புங்கள்: முதலாவது வெறும் நீர், இரண்டாவதில் ஜிப்ரெலின் மூலக்கரைசல் 100 மில்லிலிட்டர், மூன்றாவதில் பாக்லோபியூட்ரசால் மூலக்கரைசல் 40 மில்லிலிட்டர், நான்காவதில் இரண்டும். மீதியை நீரால் நிரப்பினால் இரண்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவில் இருக்கும். இரண்டாம், நான்காம் பாட்டில்களில் அரை மில்லிலிட்டர் எரிசாராயம் சேர்ந்துவிடுவதால், மற்ற இரண்டிலும் அதே அளவு எரிசாராயத்தைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறுபாடு சாராயத்தால் வந்ததா என்ற ஐயம் எஞ்சும்.

முளைகட்டிய நெல்லை நான்கு மணல் தட்டுகளில் வைத்து, அந்தந்தக் கரைசலை மட்டும் ஊற்றி, வெளிச்சத்தில் பத்து நாள் வளர்த்து, அடியிலிருந்து மிக நீண்ட இலையின் நுனி வரை அளவுங்கள். கணக்கு எப்படிப் போடுவது என்பதைக் காட்ட ஒரு கற்பனை எடுத்துக்காட்டு தருகிறேன்: வெறும் நீரில் 10 சென்டிமீட்டர், ஜிப்ரெலினில் 14, பாக்லோபியூட்ரசாலில் 4, இரண்டிலும் 13 என்று வந்ததாகக் கொள்வோம். ஜிப்ரெலின் 4 கூட்டுகிறது, பாக்லோபியூட்ரசால் 6 குறைக்கிறது. தனித்தனியே வேலை செய்திருந்தால் நான்காம் தட்டு 8 சென்டிமீட்டராக இருந்திருக்க வேண்டும். வந்ததோ 13. வெளியிலிருந்து ஜிப்ரெலின் கிடைத்துவிட்டால், செடிக்குள் உற்பத்தியைத் தடுப்பதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையே இது காட்டுகிறது. இரண்டும் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன என்ற முடிவுக்கு உங்கள் அளவுகளே உங்களைக் கொண்டுசேர்க்கும்.

இதே நான்கு தட்டுகளைச் சிறிது மாற்றி, ஜிப்ரெலினையும் ஒளியையும் இணைத்துப் பாருங்கள்: ஒளியில் நீர், ஒளியில் ஜிப்ரெலின், இருட்டில் நீர், இருட்டில் ஜிப்ரெலின். ஒளியில் டெல்லா மிகுந்திருப்பதால் ஜிப்ரெலின் ஏற்றத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. இருட்டில் டெல்லா முன்பே குறைந்துவிட்டதால் கூடுதல் ஜிப்ரெலினுக்குச் செய்வதற்கு மிச்சமிருப்பது குறைவு. ஊக்கி தெளித்தும் பலன் இல்லை என்று நாற்றுப்பண்ணைகளில் சொல்லப்படும்போது, நாற்று ஏற்கெனவே நிழலில் நீண்டு நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான்.

இந்தச் சோதனைக்கு இளநீரையோ பஞ்சகவ்யத்தையோ பயன்படுத்த வேண்டாம். இளநீரில் சைட்டோகைனின் உண்டு. திசு வளர்ப்பில் அதன் பயன் 1940-களிலிருந்தே தெரிந்தது. ஆனால் அதில் சர்க்கரையும் தாது உப்புகளும் வேறு ஹார்மோன்களும் சேர்ந்திருப்பதால், விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வயலில் அவற்றின் பயன் வேறு, சோதனையின் தேவை வேறு.

ஆக்சினுக்கு ஒரு குறுஞ்சோதனை

சோளத்தை இருட்டில் முளைக்க வைத்து, குருத்துறை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்ததும், சிலவற்றின் நுனியில் மட்டும் அலுமினியத் தாளாலான சிறு தொப்பி மாட்டி, சிலவற்றின் அடிப்பகுதியில் தாளைச் சுற்றி, ஒரு பக்கத் துளையிலிருந்து மட்டும் ஒளி வரும் பெட்டிக்குள் வையுங்கள். நுனி மூடியவை வளையா. அடி மூடியவை ஒளிப்பக்கம் வளையும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட முடிவு இது: ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழ்ப்பகுதி. இடையில் ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்று அவர்கள் சொன்னதை, 1920-களில் டச்சுத் தாவரவியலாளர் பிரிட்ஸ் வென்ட் அகர் என்னும் கூழ்மத் துண்டில் சேகரித்துக் காட்டினார். அதுவே ஆக்சின். வேரில் ஆக்சினின் இயல்பு மாறுகிறது. தண்டை நீட்டும் அளவிலேயே அது வேரின் நீட்சியைத் தடுக்கிறது. அளவு கூடினால் அது எத்திலின் உற்பத்தியைத் தூண்டி, எத்திலின் வழியாகவும் தடுக்கிறது. வேர்ஊக்கிப் பொடியை அளவுக்கு மேல் தடவினால் வேர்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

வறண்ட மண்ணில் வேரும் தண்டும்

சிவகங்கை மாவட்டத்தின் செம்மண்ணிலும் செம்புரை மண்ணிலும் விதைப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஒரே எடையுள்ள உலர்ந்த செம்மண்ணை இரண்டு வாளிகளில் எடுத்து, ஒன்றில் போதிய நீரும் மற்றொன்றில் அதில் மூன்றில் ஒரு பங்கு நீரும் கலந்து, ஈரம் சீராகும்வரை மூடி வையுங்கள். பின்பு ஏற்கெனவே முளைகட்டிய மக்காச்சோள விதைகளை நட்டு, ஆவியாகாமல் மூடி, ஐந்தாறு நாளில் மண்ணை நீரில் கரைத்து வேரை முழுதாக எடுத்து அளவுங்கள். ஈரம் குறைந்த மண்ணில் தண்டு மிகவும் குறுகியிருக்கும். வேரும் சற்றுக் குறையலாம், ஆனால் தண்டு அளவுக்குக் குறைந்திராது. வேர், தண்டு விகிதத்தை இரண்டு வாளிகளுக்கும் கணக்கிட்டால் இது எண்ணாகவே தெரியும்.

வறட்சியில் வேரில் அப்சிசிக் அமிலம் திரள்கிறது. இதை வளர்ச்சித் தடுப்பான் என்றே நெடுங்காலம் கருதினார்கள். அப்சிசிக் அமிலம் உண்டாக்க முடியாத மக்காச்சோளத்தை வறண்ட நிலையில் வளர்த்தபோது, வேர் மேலும் குட்டையானது. அதில் எத்திலின் மிகுந்திருந்ததே காரணம். அதாவது வறட்சியில் அப்சிசிக் அமிலம் எத்திலினைக் கட்டுக்குள் வைத்து வேர் கீழே இறங்க வழிசெய்கிறது. மண் இறுகியிருந்தால் நிலைமை மாறும். இறுகிய மண்ணில் காற்றிடைவெளி குறைந்து, வேரிலிருந்து வெளியேற வேண்டிய எத்திலின் அதைச் சுற்றியே தங்கி வேரின் நீட்சியை நிறுத்துகிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. எத்திலினுக்கு இணங்காத நெல் திரிபுகள் அதே இறுகிய மண்ணை ஊடுருவிச் சென்றன. இறுகிய நிலத்தில் வேர் இறங்காததற்கு மண்ணின் கடினம் மட்டுமே காரணம் என்று கொள்வது முழு உண்மை அன்று. மட்கிய தென்னைநார்க் கழிவோ தொழுவுரமோ இட்டு மண்ணைப் பொலபொலப்பாக்குவது வேருக்கு வழிவிடுவதோடு வாயுவுக்கும் வழிவிடுகிறது.

நாற்றங்காலில் பயன்படுத்தும்போது

மிளகாய், கத்தரி நாற்றுகள் குழித்தட்டில் நெருங்கி நிற்கும்போது, பக்கத்து இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பை ஒட்டிய தொலைச்சிவப்பு ஒளியை மட்டும் விட்டுவிடுகின்றன. பைட்டோகுரோம் அதை நிழலாக உணர்ந்து செயலிழக்க, பிஃப் புரதங்கள் கூடி, ஆக்சின் உற்பத்தி உயர்ந்து, தண்டு நீள்கிறது. சித்திரை, வைகாசி வெப்பத்திலும் இதே நிகழ்கிறது. வெப்பமும் பைட்டோகுரோம்-பியைச் செயலிழக்கச் செய்யும் என்று 2016-இல் அறியப்பட்டது. ஆகையால் நெருக்கமும் வெப்பமும் சேர்ந்த நாற்றங்காலில் நாற்று ஒல்லியாக நீண்டு சாய்வது இயல்பு. அங்கே வளர்ச்சி ஊக்கி தெளிப்பது நிலைமையை மேலும் கெடுக்கும். இடைவெளி விட்டு, நிழல்வலையின் அடர்த்தியைக் குறைத்து, காலை வெயில் படச் செய்வதே தீர்வு.

தேங்கிய நீரில் நெல் நாற்று மூழ்கும்போதும் எத்திலினே முதலில் கூடுகிறது. பெரும்பாலான ரகங்களில் அது ஜிப்ரெலினைத் தூண்டி, சேமிப்பைச் செலவழித்து நாற்றை நீட்டுகிறது. நீர் வடிந்ததும் நாற்று சாய்ந்து மடிகிறது. 2006-இல் அறியப்பட்ட சப்-1ஏ மரபணு கொண்ட ரகங்களோ டெல்லா வகைத் தடைகளைக் கூட்டி, நீளாமல் பொறுத்திருந்து பிழைக்கின்றன. ஒரே எத்திலின், ஒரு ரகத்தில் ஓடச் சொல்கிறது, மற்றொன்றில் நிற்கச் சொல்கிறது.

பாக்லோபியூட்ரசால் மண்ணில் நீண்ட காலம் தங்கும். சோதனை முடிந்த மணலையும் கரைசலையும் ஊருணிப் பக்கமோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள்; அந்த நாற்றுகளை ஆடு மாடுகளுக்கும் கொடுக்க வேண்டாம். மணலைத் தனியே ஒரு தொட்டியில் போட்டு, அடுத்த முறை அதே சோதனைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு செய்பவர்கள், மழைக்கு முன் இன்னொரு சோதனையையும் செய்துகொள்ளலாம். தாங்கள் விதைக்கப்போகும் நெல்லை, தங்கள் வயல் மண்ணை நிரப்பிய தொட்டிகளில் 2, 4, 6 சென்டிமீட்டர் ஆழங்களில் இட்டு, நீர் ஊற்றி, எத்தனை முளைகள் மேலே வருகின்றன என்று எண்ணுங்கள். ஆழத்திலிருந்து முளையை மேலே தள்ளுவது விதைக்கும் குருத்துறைக்கும் இடையிலுள்ள இடைத்தண்டின் நீட்சி. ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் ஹார்மோனும் ஜாஸ்மோனிக் அமிலமும் அதைக் குறைக்கின்றன, ஜிப்ரெலின் கூட்டுகிறது. குட்டை ரகங்கள் பலவற்றில் அது குறுகியே இருக்கும். எந்த ஆழத்தில் எண்ணிக்கை சரிகிறதோ அதற்கு மேலே விதை விழும்படி கலப்பையின் ஆழத்தை வைத்துக்கொள்ளுங்கள். மானாவாரி நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் முறைப்படி, விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தியதையும், ஊறவைக்காததையும் சேர்த்து இங்கேயும் நான்கு தட்டு அமைப்பிலேயே வைக்கலாம்: ஆழம் இரண்டு, விதை இரண்டு. ஊறும்போது விதையில் அப்சிசிக் அமிலம் குறைந்து ஜிப்ரெலின் ஏறத் தொடங்கிவிடுவதால், உலர்த்திய பின்னும் அந்த விதை முன்னதாக முளைக்கும். ஆழ விதைப்பில் அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை உங்கள் மண்ணிலேயே அளந்து, அந்த ஆண்டு விதைப்பை முடிவு செய்யலாம்.